20 வருடமாக ஓடாத பழைய ஆயில் இஞ்சினை மறுபடி ஓட வைக்க முடியுமா?

கிணற்று மேட்டில் 20 வருடமாகச் சும்மா நிற்கும் 5 எச்.பி. டீசல் இஞ்சின், வீல் அசையவில்லை, இரும்புக்குப் போடுவதா சரிசெய்வதா, சரிசெய்வதென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரும்புக்குப் போட வேண்டாம். வீல் அசையவில்லை என்பதால் இஞ்சின் போய்விட்டது என்று ஆகாது. எங்கள் தோட்டத்து இஞ்சினும் அப்படித்தான் நின்றது. இப்போது ஓடுகிறது. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த என் அப்பாரு (தாத்தா), மின் இணைப்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த காலத்தில் வாங்கிய கிர்லோஸ்கர் ஏவி1 அது. ஒற்றைச் சிலிண்டர், விட்டம் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., 553 சி.சி., நிமிடத்துக்கு 1500 சுற்று. பிறகு கரண்ட் வந்தது, 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமும் ஆனது, இஞ்சினை யாரும் தொடவில்லை. உங்களுடையது பெரிய வீல் இரண்டு வைத்து நிதானமாக ஓடும் லிஸ்டர் வகை என்றால் அளவுகள் மாறும். இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் பிறந்து, பிறகு ராஜ்கோட் பட்டறைகள் அச்சு அசலாக வார்த்துத் தள்ளிய வகை அது. 6 எச்.பி.க்கு 650 சுற்றுதான். ஆனால் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

அப்பாரு காலத்தில் இதற்கு வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் இன்னும் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவரைக் கூட்டிவந்து காட்டியபோது இஞ்சினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "கண்ணு, மொதல்ல இதை நிறுத்தத் தெரியுமா?" என்றார். "இன்னும் ஓடவே இல்லைங்களே ஐயா" என்றேன். "ஓட்டறது அப்பறம். நிறுத்தத் தெரியாதவன் ஹேண்டிலைத் தொடக்கூடாது." இதை ஏன் முதலில் சொன்னார் என்று எனக்குப் புரிய ஏழு மாதம் ஆனது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதல் வேலை, எதையும் செய்யாமல் இருப்பது. வீலில் கடப்பாரையைக் கொடுத்து நாலு பேர் சேர்ந்து தெம்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் கனெக்டிங் ராட் வளையும், ரிங் உடையும், வீலைத் தண்டோடு பிடித்திருக்கும் சாவி என்ற இரும்புக் கட்டை நசுங்கும். துரு தின்றதைவிடக் கடப்பாரை கெடுத்த இஞ்சின்கள்தான் அதிகம் என்று பெரியவர் சொன்னார்.

இஞ்சின் எப்படி ஜாம் ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பொறுமை தானாக வரும். இஞ்சினை நிறுத்தும்போது வீல் எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலையில் ஏதாவது ஒரு வால்வு திறந்திருக்கலாம். புகைக் குழாயின் வாய் வானத்தைப் பார்த்து இருக்கும். மழைத் தண்ணீர் குழாய் வழியே இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியே சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் ரிங்குகளும், சிலிண்டரின் உள் உறையான லைனரும் இரும்பு வார்ப்பு. தண்ணீர் பட்ட இடத்தில் இரண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் சைலென்சரைக் கழற்றித் தட்டியபோது குளவிக்கூடும் அதன் கீழே செம்மண் நிறத்தில் துருத்தூளும் கொட்டின.

சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினோம். உள்ளே பிஸ்டன் பாதி ஆழத்தில் நின்றது. டீசலும் இஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து சிலிண்டரில் ஊற்றி, சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்தோம். தினமும் சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். பத்து நாள் ஊற்றிய மட்டம் அப்படியே இருந்தது. பதினோராம் நாள், லைனரில் மட்டம் நின்ற கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு எண்ணெய் இறங்கியிருந்தது. ரிங்குகளைத் தாண்டிக் கசிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் சுத்தியலை நேராகப் போடவில்லை. சிலிண்டருக்குள் நுழையும் அளவுக்குச் சீவிய வேப்பங்கட்டையை பிஸ்டன் மேல் வைத்து, அதன் தலையில் மெதுவாகத் தட்டினோம். ஒரே இடத்தில் தட்டாமல் கட்டையைச் சுற்றி நகர்த்தி நகர்த்தித் தட்ட வேண்டும். பிஸ்டன் ஒரு நெல்மணி அளவு இறங்கியது. அன்றைக்கு அவ்வளவுதான். பெரியவர் போதும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். மறுவாரம் வீல் சுற்றியது.

லைனரில் மழைத்தண்ணீர் நின்ற இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். இதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். பிஸ்டன் லைனர் செட் இன்றும் கிடைக்கிறது. ஆனால் வாங்கியதை அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு ரிங்கையும் லைனருக்குள் தனியாக இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளிவிட்டு, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். 80 மி.மீ. சிலிண்டருக்கு 0.3 மி.மீ. சுமார் இருந்தால் நல்லது. ஒரு கடையில் நான் வாங்கிய செட்டில் இது மூன்று மடங்கு இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன்.

இவ்வளவு கணக்குப் பார்க்கக் காரணம் இருக்கிறது. டீசல் இஞ்சினில் பொறி வைக்க பிளக் கிடையாது. காற்றை நெருக்கும்போது வரும் சூடுதான் டீசலைப் பற்றவைக்கிறது. இந்த இஞ்சினில் கம்ப்ரஷன் 16.5-க்கு 1. சுமார் 590 சி.சி. காற்று 36 சி.சி. இடத்துக்குள் ஒடுங்க வேண்டும். டீக்கடை கிளாஸில் பாதி கூட வராத இடம் அது. ரிங்கோ வால்வோ கொஞ்சம் விட்டாலும் சூடு ஏறாது, எவ்வளவு சுற்றினாலும் வெள்ளைப் புகைதான் வரும். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்த பிறகு மீட்டர் இல்லாமலே சோதிக்கலாம். தூக்கினால் வால்வைத் திறந்து பிடித்து கம்ப்ரஷனை விட்டுவிடும் லிவர் ஒன்று மேலே இருக்கும். அதைக் கீழே விட்டு, வீலைக் கையால் கம்ப்ரஷன் வரை தள்ளுங்கள். நல்ல இஞ்சின் உங்கள் கையைத் திருப்பித் தள்ளும். எங்களுடையது அப்படித் தள்ளிய நாளில் என் அப்பா இன்னும் நாலு தடவை தள்ளிப் பார்த்தார்.

லைனரை வெளியே எடுத்தால், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பாதி இடத்தை வெள்ளைப் பாறை மாதிரி உப்பு அடைத்திருந்தது. பிளாக்கில் இருந்ததை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினோம். ஹெட்டின் உள் வழிகளுக்குக் கை போகாது. அதற்கு எலுமிச்சை உப்பு, அதாவது கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கிடைப்பது, வெந்நீரில் கரைத்து ஊற்றினோம். நுரை அடங்கியதும் கொட்டி, சோடா கரைத்த தண்ணீரில் அலசிவிட வேண்டும். துருப்பிடித்த சின்ன இரும்புச் சாமான்களுக்கு சலவைச் சோடா கரைசலும் பேட்டரி சார்ஜரும் போதும். சாமான் நெகட்டிவில், பழைய இரும்புத் தகடு பாசிட்டிவில். தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், தண்ணீரில் விஷம் இறங்கும். அலுமினியம் எதையும் சோடாவில் போடாதீர்கள், கரைந்துவிடும்.

ஆயில் தொட்டியில் கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்ததை வழித்தெடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது ஆயில் ஊற்றினோம். பேரிங்குகள் நன்றாக இருந்தன.

அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில், அதற்கு டீசலைத் தள்ளும் பம்பு. நாசிலை நல்ல டெஸ்டர் இருக்கும் பட்டறையில் கொடுத்து 200 பார் அழுத்தத்தில் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகக் கூடாது, பனி மாதிரி வர வேண்டும். கிராமத்தில் சிலர் நாசிலை வெளியே மாட்டி, வீலைச் சுற்றி, பீய்ச்சுகிறதா என்று விரலை நீட்டிப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். பட்டுவிட்டால் வலி இல்லையே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

டைமிங்குக்குப் பெரிய கருவி வேண்டாம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 23 டிகிரி முன்பு டீசல் இறங்க வேண்டும். வீலில் உச்சிப் புள்ளியைக் குறித்துக்கொண்டு, சுற்றளவை நூலால் அளந்து, 360-ல் வகுத்து 23-ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 180 செ.மீ. என்றால் 11.5 செ.மீ. அந்த இடத்தில் சாக்பீஸ் கோடு. பம்பின் மேல் குழாயைக் கழற்றிவிட்டு வீலை மெல்ல நகர்த்தும்போது, வாயில் டீசல் எழும்ப ஆரம்பிக்கும் இடம் அந்தக் கோட்டில் வர வேண்டும். தள்ளி வந்தால் பம்புக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். நான் இதற்கு மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நாள் எனக்கு இஞ்சினைப் பற்றிக் கற்றுக்கொடுத்தது அதிகம்.

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பம்பின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் நகரும் ஒரு சின்னத் தண்டு இருக்கும், ரேக் என்பார்கள். எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. வேகம் கூடினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதைப் பின்னுக்கு இழுக்கும். 20 வருடம் நின்ற பம்பில் பழைய டீசல் பிசினாகி, ரேக் ஒட்டிக்கொண்டிருக்கும். அது முழு டீசல் நிலையில் ஒட்டியிருந்து, நீங்கள் இஞ்சினை ஓட்டிவிட்டால் கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. 1500-ல் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். வீல் வெடித்தால் துண்டுகள் சுவரைத் துளைக்கும். எங்கள் பம்பில் ரேக் ஒட்டித்தான் இருந்தது. கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, விரல் நுனியால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போவது போல வரும்வரை பெரியவர் விடவில்லை.

அதற்குப் பிறகும், முதல் ஸ்டார்ட் அன்று ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்றுக் குழாயின் வாயை முழுக்க மூடும் அளவில் ரப்பர் ஒட்டிய பலகை ஒன்றைச் செய்து அப்பா கையில் கொடுத்தார். காற்று இல்லாவிட்டால் எந்த டீசல் இஞ்சினும் நின்றுவிடும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உறிஞ்சி இழுத்துவிடும். "சத்தம் ஏறுதுன்னு தோணுனா யோசிக்காதே, பலகையை வை" என்று மூன்று தடவை சொல்லி, ஓடாத இஞ்சினில் வைத்துப் பழகவும் விட்டார்.

ஸ்டார்ட் பண்ணும்போது துண்டைக் கழற்றி வைத்துவிடுங்கள், வேட்டி என்றால் மடித்து இறுக்கிக் கட்டுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற நாலு விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். எதிரே சுற்றிவந்து உதைத்தால் கட்டை விரல் தப்பும். முதலில் டீசலை நிறுத்திவைத்து, லிவரைத் தூக்கி, மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர் வரை ஆயில் ஏறும்வரை சும்மா சுற்றினோம். அப்புறம் டீசலைத் திறந்து, நான் வேகமாகச் சுற்ற, பெரியவர் லிவரை விட்டார். ஒரு அடி. நின்றது. மறுபடி. மூன்றாவது தடவை வெள்ளைப் புகை வந்து, திணறி, பிடித்துக்கொண்டது. அப்பா பலகையைக் கையில் வைத்தபடியே பத்து நிமிடம் குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா வீட்டிலிருந்து வந்து, "உங்க அப்பாரு வந்துட்டாருன்னு நெனச்சேன்" என்றார்.

ஓட ஆரம்பித்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். கிணற்றுத் தண்ணீரை நேராக இஞ்சினுக்கு விட்டு, வெளியே வரும் தண்ணீர் ஜில்லென்று இருந்தால் நல்லது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அது தவறு. சிலிண்டர் குளிர்ந்தே இருந்தால் உள்ளே ஈரம் படிந்து லைனரை அரிக்கும். கந்தகம் அதிகம் இருந்த பழைய டீசலில் அது அமிலமாகவும் ஆனது. வழியில் ஒரு வால்வு வைத்துத் தண்ணீரைக் குறைத்து, வெளியே வருவது கை வைத்தால் உடனே எடுக்கும் சூட்டில் வரும்படி செய்யுங்கள். சும்மாவும் ஓட்டாதீர்கள், தண்ணீர் பம்பைச் சேர்த்து வேலை கொடுங்கள். முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் டீசல் குடிக்கும். நாங்கள் மாதம் ஒரு தடவை ஒரு மணி நேரம் தண்ணீர் இறைக்கிறோம்.

பெயின்ட் பற்றிக் கேட்பீர்கள். நான் அடிக்கவில்லை. அப்பாரு கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம் லிவரில் பளபளவென்று இருக்கிறது. அதன் மேல் புதுப் பச்சை பூச எனக்கு மனம் வரவில்லை. துருவைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு தடவை நிறுத்திய பிறகும் வீலைக் கையால் நகர்த்தி, கம்ப்ரஷன் பிடிக்கும் இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும். உங்கள் இஞ்சினுக்கு ஹெட், பம்பு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்குச் சாயங்காலம் போய்ப் புகைக் குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள், ஐப்பசி மழை வருகிறது.