பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது, விடையை வைத்த இடம்தான் தப்பு

கேள்வி: சி மொழியில் அணிகளுக்கான (மேட்ரிக்ஸ்) ஒரு சின்ன லைப்ரரி எழுதுகிறேன். பெருக்கல் ஃபங்ஷனுக்குள்ளேயே விடை அணியை அறிவித்து அதன் பாயிண்டரை (மெமரி முகவரியை) திருப்பி அனுப்பினேன். குப்பை எண்கள் வந்தன. விடை அணிக்கு முன்னால் ‘ஸ்டேடிக்’ சேர்க்கச் சொன்னார் ஒருவர். சேர்த்தேன், சரியானது. ஆனால் இப்போது க×ச + ட×த என்று கணக்கிட்டால் விடை தப்பு. அளவை 1000 × 1000 ஆக்கினால் புரோகிராம் தொடங்கியதுமே நின்றுவிடுகிறது. அணிகளை மெயின் ஃபங்ஷனுக்குள் சாதாரணமாகத்தான் அறிவித்திருக்கிறேன். என் பெருக்கல் சூத்திரத்தில் பிழையா?

பதில்: சூத்திரத்தில் பிழை இல்லை. உங்களுக்கு வந்த தப்பான விடையை எடுத்துப் பாருங்கள். க×ச, ட×த இரண்டில் ஏதோ ஒன்றின் சரியாக இரண்டு மடங்காக அது இருக்கும். ‘ஸ்டேடிக்’ என்று எழுதியதும் அந்த விடை அணிக்குப் புரோகிராம் முழுமைக்கும் ஒரே ஓர் இடம்தான் கிடைக்கிறது. முதல் பெருக்கல் அங்கே எழுதுகிறது. இரண்டாவது பெருக்கல் அதே இடத்தில், அதன் மேலேயே எழுதுகிறது. கூட்டலுக்குப் போய்ச் சேரும் இரண்டு பாயிண்டர்களும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. அப்புறம் எப்படிச் சரியாக வரும்?

முதலில் வந்த குப்பை எண்களுக்கும் காரணம் இடம்தான். ஃபங்ஷனுக்குள் சாதாரணமாக அறிவிக்கும் மாறிகள் ஸ்டாக் என்ற தற்காலிக மெமரியில் இருக்கின்றன. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் உங்களுடையது இல்லை. சில சமயம் பழைய எண்கள் அழியாமல் இருக்கும், அதைப் பார்த்து ‘வேலை செய்கிறது’ என்று நம்பிவிடுவோம். கம்பைலர் இதற்கு எச்சரிக்கை கொடுத்திருக்கும். தயவுசெய்து எச்சரிக்கைகளைப் படியுங்கள்.

அந்த ‘ஸ்டேடிக்’ யோசனை உங்களுக்குச் சொன்னவர் கண்டுபிடித்தது இல்லை. ஆளுக்கு ஆள் நகலெடுத்த புரோகிராம்களில் இது பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ‘ரெடிமேட் புராஜெக்ட்’ விற்பவர்களின் கையிலும் இதே புரோகிராமைப் பார்த்திருக்கிறேன். மாறிகளின் பெயர் மட்டும் மாறியிருக்கும், பிழை அப்படியே இருக்கும். 2 × 2 அணி ஒன்றைப் பெருக்கிக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். அவர்களிடம் எதையும் வாங்காதீர்கள். அவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. 10 × 10 என்று அளவைக் கட்டிப்போட்டு, திரையில் விடை வந்தால் முழு மதிப்பெண் என்கிறது பாடத்திட்டம். வாங்கிய மெமரியை யார் திருப்பிக் கொடுப்பது என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. சி மொழியில் அதுதானே பாதிப் பாடம்!

சரி, செய்ய வேண்டியது இதுதான். நிரைகளின் எண்ணிக்கை, நிரல்களின் எண்ணிக்கை, எண்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு பாயிண்டர் மூன்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் (பல மாறிகளை ஒன்றாகக் கட்டும் வகை) வையுங்கள். எண்களுக்கான இடம் முழுவதையும், மெமரி வாங்கித் தரும் மாலாக் ஃபங்ஷன் மூலம் ஒரே துண்டாக வாங்குங்கள். நிரைக்கு ஒன்றாகத் தனித்தனியே வாங்கினால் அத்தனையையும் நினைவு வைத்து விடுவிக்க வேண்டும், கட்டாயம் ஏதாவது விட்டுப்போகும். ஒரே துண்டில் i-ஆவது நிரை, j-ஆவது நிரலின் இடம் (0-விலிருந்து எண்ணினால்): i × நிரல்களின் எண்ணிக்கை + j. நிரைகளின் எண்ணிக்கையால் பெருக்குவதுதான் இங்கே எல்லோரும் செய்கிற தப்பு. சதுர அணியில் இரண்டும் ஒன்றே என்பதால் அது தெரியவே தெரியாது.

விடை அணியை, அழைப்பவரே உருவாக்கிப் பெருக்கல் ஃபங்ஷனுக்குக் கொடுக்கட்டும். உருவாக்கியவரே விடுவிப்பார், குழப்பம் இல்லை. 1979-லிருந்து வளர்ந்துவரும் பிளாஸ் என்ற அணிக் கணக்கு லைப்ரரியின் அணிப் பெருக்கலும் விடைக்கான அணியை அழைப்பவரிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது. ஒன்றே ஒன்று: பெருக்கப்படும் அணியையே விடை அணியாகக் கொடுத்தால், பாதியில் எண்கள் அழிந்து மீதி தப்பாகும். ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே பாயிண்டர்களை ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் மறுத்துவிடுங்கள்.

1000 × 1000 பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும். பத்து லட்சம் டபுள் (தசம) எண்கள், ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் ஓர் அணிக்கே 80 லட்சம் பைட். ஸ்டாக்கின் வழக்கமான எல்லை லினக்ஸில் 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. க, ச, ட, த நான்கையும் மெயினுக்குள் வைத்தால் எங்கே இடம்? மாலாக் கொடுக்கும் இடம் ஹீப் என்ற வேறு மெமரிப் பகுதியில் இருந்து வருகிறது. மாலாக் ‘நல்’ (இடம் கிடைக்கவில்லை என்ற அடையாளம்) திருப்பித் தந்ததா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். முப்பரிமாண வரைகலைக்கு எழுதுபவர்களுக்கு எப்போதும் 3 × 3, 4 × 4 அணிகள்தான் தேவை. அவர்களுக்கு மாலாக் வேண்டவே வேண்டாம். ஃபங்ஷனிலிருந்து அரேயை (எண்களை அடுக்கி வைத்த மாறியை) திருப்பி அனுப்ப சி அனுமதிக்காது. ஆனால் அதே அரேயை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் வைத்தால் அனுமதிக்கும். எண்கள் எல்லாம் நகலாகப் போய்ச் சேரும். டபுளாக இருந்தாலும் 4 × 4 அணி 128 பைட்தான், அதை நகலெடுப்பது பெரிய செலவு இல்லை. ஆனால் கவனியுங்கள், ஸ்ட்ரக்டுக்குள் அரேயே இருக்க வேண்டும். பாயிண்டர் இருந்தால் நகலாவது முகவரி மட்டும்தான். எண்கள் நகலாவதில்லை. இரண்டு ஸ்ட்ரக்டுகள் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டையும் விடுவித்தால் ஒரே இடத்தை இரண்டு முறை விடுவித்ததாகும். உங்களுடையது அளவு மாறக்கூடிய லைப்ரரி. அதனால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது, ஒரு அணியை இன்னொன்றுக்குச் சமக்குறி போட்டு நகலெடுக்காதீர்கள். நகலெடுக்கத் தனி ஃபங்ஷன் எழுதுங்கள்.

மாற்றி எழுதியதும் 2 × 3 அணியை 3 × 4 அணியால் பெருக்கிப் பாருங்கள், சதுர அணியால் சோதிக்காதீர்கள். ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டிலும் உள்ள, மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரை ‘-g’ சேர்த்து இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். எல்லை தாண்டி எழுதினால் எந்த வரியில் என்று அது காட்டிவிடும். அதற்குப் பிறகும் க×ச + ட×த தப்பாக வந்தால், பெருக்கல் ஃபங்ஷனை மட்டும் அனுப்புங்கள், முழுப் புரோகிராமும் வேண்டாம்.