குங்குமப்பூவும் சனிக்கிழமைச் சமையலும்

கேள்வி: அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். நாங்கள் இருவரும் நல்ல நிறம். நாலு வயது மகள் மட்டும் கறுப்பு. "யார் ஜாடை இது?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தை கேட்கிறார். இப்போது எனக்கு எட்டாவது வாரம். தினமும் குங்குமப்பூப் பால் தருகிறார்கள். கணவரின் அண்ணன் மகனுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ரத்தம் ஏற்ற ஓரகத்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதால், அன்று ஏழு பேர் சமையலும் என் தலையில். அடுத்த குழந்தையாவது நிறமாகப் பிறக்குமா?

பதில்: நிறத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரே ஒரு வரி, அதுவும் சமையல் கணக்கில்!

நிறத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது கல்யாண மொய் மாதிரி. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதுகின்றன, மேலே வெயிலும் தன் பங்குக்கு எழுதும். மொத்தம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. உயரமும் இப்படித்தான். 2022இல் சுமார் 54 லட்சம் பேரின் மரபணுவை அலசியதில், உயரத்தோடு தொடர்புள்ள இடங்கள் மட்டும் 12,000க்கு மேல் தேறின. அதனால் உங்கள் இருவரையும்விடக் கறுப்பாக மகள் பிறந்ததில் அதிசயமே இல்லை. குங்குமப்பூ இதில் ஒன்றும் செய்யாது, காசுதான் கரையும். "யார் ஜாடை" என்று கேட்கிறவர் உங்களையே சந்தேகிக்கிறார். அந்த வாயை அடைப்பது உங்கள் கணவர் வேலை.

இனி அந்தச் சனிக்கிழமை. அந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கேட்கக்கூட இல்லையா? மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் ரத்தம் ஏற்றுகிறார்கள் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்தச்சோகை நோய். அங்கே மொய்க் கணக்கு செல்லாது. ஹீமோகுளோபினின் ஒரு பாகத்தைச் செய்யும் மரபணு, 11ஆம் குரோமோசோமில் இருப்பது, அது ஒன்றே போதும். அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று பழுதானால் லேசான சோகையோடு ஆள் நடமாடிக்கொண்டிருப்பார், பார்த்தால் தெரியாது. இரண்டும் பழுதானால் அந்தப் பிள்ளையின் கதிதான்.

நோய் அதுதான் என்றால் கணவரின் அண்ணனிடம் ஒரு பழுது நிச்சயம். அப்படியானால் உங்கள் கணவரிடமும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு. அது அத்தை வழியில் வந்திருந்தால், அத்தையோடு பிறந்த உங்கள் அப்பாவிடமும் இருக்கலாம், அவர் வழியாக உங்களிடமும். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று ஆபத்து. மூத்தவள் நன்றாக இருக்கிறாளே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறார்கள்.

சொந்தத்தில் கட்டியதற்காக உங்களைத் திட்ட மாட்டேன், எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பெண் எடுப்பவர்களுக்கு, சொந்தத்தில் இருக்கும் நோயைச் சொல்லும் கடமையும் உண்டு. அத்தை ஊரெல்லாம் பேச வேண்டிய ஜாடை இதுதான். அதை விட்டுவிட்டுப் பேத்தியின் தோலைப் பேசுகிறார்.

நாள் அதிகம் இல்லை. முதலில் இருவருக்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், ஹெச்பி ஏ2 என்ற ஒருவகை ஹீமோகுளோபினின் அளவு பார்க்கும் ஹெச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனையும். அந்த அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் உடனே மரபியல் மருத்துவர். இருவருக்கும் இருந்தால் 11ஆவது வாரம் வாக்கில் நஞ்சுக்கொடியில் துளி எடுத்துக் குழந்தைக்குப் பார்க்கலாம். உங்கள் இருவரிடமும் என்ன பழுது என்று அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரியே ஓரகத்தி பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆஸ்பத்திரி ஃபைலைக் கேளுங்கள். நோயின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கும். அப்புறம் அந்தச் சனிக்கிழமை கணவரைக் கூட்டிக்கொண்டு நீங்களும் அவளோடு போங்கள். அன்றைய சமையலை அத்தை பார்த்துக்கொள்ளட்டும்.