ஜார்ஜ்டவுன் சுவர்களும் தெருக்களும்: கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வரவிருப்பவர்கள் ஜார்ஜ்டவுன் பழைய நகரத்தைப் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: சைக்கிள் ஓவியத்தைக் கூட்டமில்லாமல் பார்க்க முடியுமா?

காலை எட்டு மணிக்குள் ஆர்மேனியன் தெருவுக்குப் போய்விடுங்கள். பிறகு போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும். லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்கரேவிச் 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காகச் சுவரில் வரைந்தது அது. சைக்கிள் நிஜமான பழைய சைக்கிள். அக்காளும் தம்பியும்தான் ஓவியம். அவள் சிரித்தபடி ஓட்டுகிறாள். பின்னால் அவளைக் கட்டிக்கொண்டிருக்கும் பொடியன் வாயைப் பிளந்து கத்துகிறான். பயத்திலா குதூகலத்திலா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தயவுசெய்து சைக்கிள்மேல் ஏறி உட்காராதீர்கள்.

கேள்வி: ஓவியங்கள் அழிந்துவருகின்றனவாமே?

ஆமாம். கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் சீனர் குடியிருப்பான சியூ ஜெட்டியில், ஓவியத்தில் இருந்த படகுச் சிறுவர்கள் ஏறக்குறையப் போய்விட்டார்கள். உப்புக்காற்று, மழை, ஈரம் ஊறும் பழைய சுவர் மூன்றும் சேர்ந்தால் எந்த வண்ணம் நிற்கும்? இதில் எனக்கு வருத்தமில்லை. தெரு ஓவியத்துக்குக் கண்ணாடி போட்டு மூடுவதுதான் கண்ணை உறுத்துகிறது.

கேள்வி: சுவர்களில் வளைத்து மாட்டியிருக்கும் இரும்புக் கம்பிகள் என்ன?

அவசரத்தில் பலர் தவறவிடுவது இவற்றைத்தான். கம்பியை வளைத்தே செய்த கேலிச்சித்திரங்கள், மொத்தம் 52. ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்லும். கேனன் தெருவில் இருப்பதைப் படியுங்கள். கேனன் என்றால் பீரங்கி. 1867 கலவரத்தில் பீரங்கிக் குண்டு விழுந்து பள்ளமானதால் வந்த பெயராம். அதே தெருவில், நிஜ நாற்காலிமேல் நின்று எட்டிப் பார்க்கும் பையனின் ஓவியமும் உண்டு.

கேள்வி: தமிழர் சுவடுகள் எங்கே?

ஓவியங்களை விட்டுவிட்டு குயின் தெருவுக்கு நடங்கள். அங்குள்ள மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. பக்கத்திலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதிர் முகைதீன் தொடங்கியது. சூலியா தெருவில் நாகூர் தர்காவும் இருக்கிறது. நாகூருக்குப் போக முடியாதவர்கள் இங்கே நேர்ந்துகொண்டார்கள்.

கேள்வி: வயதான அம்மாவை அழைத்துவருகிறேன். வெயில் தாங்குமா?

பதினொன்றுக்குமேல் தாங்காது. பழைய நகரத்தைச் சுற்றிவரும் இலவசப் பஸ் இருக்கிறது. கடைவீடுகளின் முன்னே கூரையிட்ட நடைபாதையான ஐந்தடிப் பாதையில் நிழல் உண்டு; ஆனால் கடைக்குக் கடை மட்டம் மாறும், படி தடுக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கைபேசியை அப்புறம் எடுக்கலாம்.