கமராவுக்கு முதல் கதவைப் பாருங்கள், தம்பி

தம்பி, உங்களுக்கு இரவு வேலை, லண்டன் ஹரோவில் எடுத்த வாடகை வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் தனியே படுக்கிறார்கள், சுவரில் ஒரு பழைய அலாரம் இருக்கிறது ஆனால் அது வேலை செய்யாது என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார், எட்டுக் கமரா உள்ள செட் ஒன்று மலிவாக வருகிறது, அதை வாங்கி நானே பூட்டலாமா, வேறு என்ன சாமான் தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கொம்பனியின் கமரா நல்லது என்பதை வேறு யாராவது சொல்லட்டும். அந்தக் காசை இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

கமரா கள்ளனைத் தடுக்காது. தலையை மூடிய ஜாக்கெட்டும் முகமூடியும் போட்டு ஒருவன் வருவதை அது தெளிவாகப் படம் பிடிக்கும், நீங்கள் வேலையிடத்தில் நின்று போனில் பார்ப்பீர்கள், அவன் உள்ளே போய்விடுவான். நம்மவர்கள் வீடு வாங்கியதும் நாலு மூலைக்கும் கமரா போடுகிறார்கள். பின்கதவில் மட்டும் வீடு விற்றவன் விட்டுப்போன பூட்டே இருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும், ஏனென்றால் கள்ளன் அநேகமாகக் கதவாலோ யன்னலாலோதான் வருகிறான்.

உங்கள் வாசல் வெள்ளைப் பிளாஸ்டிக் கதவாகத்தான் இருக்கும். அதைச் சாத்தினால் பூட்டியதாகாது. கைப்பிடியை மேலே தூக்கினால் கதவின் மேலும் கீழும் உள்ள கொளுக்கிகள் சட்டத்துக்குள் இறங்கிப் பிடிக்கும், பிறகு திறப்பை, அதாவது சாவியை, திருப்பினால்தான் அவை பூட்டி நிற்கும். ஊரிலிருந்து வந்த பலருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மனைவிக்கும் இன்றைக்கே காட்டிக் கொடுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்தக் கதவில் உள்ள யூரோ சிலிண்டர் என்ற பூட்டு. அதன் நடுவில் ஒரு திருகாணி போக ஓட்டை இருக்கிறது, அந்த இடத்தில் உலோகம் மெல்லியது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடித்து ஒடித்தால் அங்கேதான் இரண்டாக முறியும், முறிந்தால் கதவைத் திறக்க ஒரு நிமிடம்கூட வேண்டாம். சத்தமும் பெரிதாக இராது. இங்கிலாந்தில் இது பழைய, எல்லாக் கள்ளனுக்கும் தெரிந்த வழி. இதற்கு மருந்து டிஎஸ் 007 என்ற தரத்தில் மூன்று நட்சத்திரம் போட்ட சிலிண்டர், அல்லது பூட்டுகளைச் சோதிக்கும் சோல்ட் செக்யூர் நிறுவனத்தின் டயமண்ட் முத்திரை உள்ளது. 40, 50 பவுண்ஸ் வரும். அதிலே முன்பகுதி மட்டும் முறிந்து விழும்படி செய்திருப்பார்கள், மிச்சம் கதவுக்குள் நின்று பூட்டைக் காக்கும்.

மாற்றுவதற்கு ஆள் பிடிக்க வேண்டாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் விளிம்பைப் பாருங்கள், திறப்பு போடும் ஓட்டைக்கு நேரே ஒரு நீளத் திருகாணி தெரியும். அதைக் கழற்றுங்கள். திறப்பைப் போட்டுக் கொஞ்சம் திருப்பினால் நடுவிலுள்ள நாக்கு உள்ளே மறையும், அப்போது சிலிண்டரை அப்படியே இழுத்து எடுக்கலாம். வாங்குவதற்கு முதல் அளவு எடுக்க வேண்டும்: அந்தத் திருகாணி ஓட்டையின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் எத்தனை மில்லிமீற்றர், உள்பக்கம் எத்தனை என்று தனித்தனியே. இரண்டும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பூட்டியபின் கைப்பிடித் தகட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. வாடகை வீடு என்பதால் சொந்தக்காரருக்கு ஈமெயில் போட்டு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், ஒரு திறப்பை அவருக்குக் கொடுங்கள், பழைய சிலிண்டரைப் பத்திரமாக வைத்திருந்து வீடு மாறும்போது திரும்பப் பூட்டிவிட்டு உங்களுடையதைக் கையோடு கொண்டு போங்கள். பின்கதவுக்கும் இதே வேலைதான், பின்கதவுதான் முதலில்.

மரக்கதவாக இருந்தால் கதை வேறு. தானாகப் பூட்டிக்கொள்ளும் மேல் பூட்டு மட்டும் இருந்தால் தோளால் இடித்தே திறக்கலாம். பிஎஸ் 3621 என்ற பிரித்தானியத் தர முத்திரை உள்ள ஐந்து லீவர் பூட்டு ஒன்று கீழே வேண்டும், சட்டத்தில் லண்டன் பார் என்ற இரும்புப் பட்டை நீளத் திருகாணிகளால் அடித்திருக்க வேண்டும்.

கதவில் தபால் போடும் ஓட்டையையும் பாருங்கள். நம் வீடுகளில் வாசலுக்குப் பக்கத்திலேயே திறப்பு கொழுவும் பலகை தொங்கும், கார் திறப்பு உட்பட எல்லாம் அதில். தபால் ஓட்டையால் ஒரு கம்பியை விட்டு அதைத் தூக்கி எடுப்பார்கள். ஓட்டையின் உள்பக்கம் பூட்டும் மூடி ஒன்று சில பவுண்ஸ்தான். திறப்பைச் செருகாமலே ஸ்டார்ட் ஆகும் கார் வாங்கினால் திறப்பின் சிக்னலை மறைக்கும் பை ஒன்றும் வேண்டும், திறப்பு வீட்டுக்குள் இருக்கவே அதன் சிக்னலைப் பிடித்து நீட்டி காரை எடுத்துப் போகிறார்கள். ஆனால் ஒன்று, தம்பி, திறப்பை ஒளித்து வைக்கிறேன் என்று மனைவிக்குத் தெரியாத இடத்தில் வைக்காதீர்கள். இரவில் நெருப்புப் பிடித்தால் அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவால்தான் ஓட வேண்டும்.

சரி, அந்தப் பழைய அலாரம். "வேலை செய்யாது" என்று சொல்லப்படும் அலாரங்களில் பலவற்றுக்குச் செத்துப்போன பற்றரியைத் தவிர வேறு குறையே இல்லை. பெட்டிக்குள் 12 வோல்ட் ஈய பற்றரி ஒன்று, பெரும்பாலும் 7 ஆம்பியர்-மணி அளவில், இருக்கும். அது மூன்று முதல் ஐந்து வருடம்தான் தாங்கும். போனபின் பெட்டி இடைக்கிடை கீச்சிடும், எச்சரிக்கை விளக்கு எரியும், சனம் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிடும். புதுப் பற்றரி 15, 20 பவுண்ஸ். வெளிச்சுவரில் உள்ள சைரன் பெட்டிக்குள்ளும் தனியாக ஒரு சின்னப் பற்றரி உண்டு, அதையும் மறக்கக் கூடாது.

இங்கே கவனம். அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. பக்கத்தில் பியூஸ் உள்ள ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் சைரன் கத்தும், அதைக் கத்தாமல் நிறுத்த எஞ்சினியர் கோட் என்ற இரகசிய இலக்கம் வேண்டும், வீட்டுச் சொந்தக்காரரிடம் பழைய கடதாசிகள் இருக்கிறதா என்று கேளுங்கள். கோட் இல்லாவிட்டால் உள்ளூர் அலாரம் எஞ்சினியர் ஒருவரை ஒருமுறை காசு கொடுத்துக் கூப்பிடுவது நல்லது. நீங்களே செய்வதானால் பகலில் செய்யுங்கள், இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் முதலே சொல்லிவிடுங்கள். சைரன் 20 நிமிடத்தில் தானாக அடங்க வேண்டும், அடங்காமல் கத்தினால் கவுன்சில் வந்து நிறுத்தலாம், செலவு உங்கள் தலையில் விழும்.

கதவிலுள்ள சென்சர் வெறும் காந்தமும் சின்ன சுவிட்சும்தான். கதவு கொஞ்சம் தொய்ந்து இடைவெளி கூடினால் பொய்க்குக் கத்தும், காந்தத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து உயர்த்தினால் தீர்ந்தது. அறை மூலையில் உள்ள சென்சர் உடல் சூட்டின் அசைவைப் பார்ப்பது, அதன் முகத்தில் சிலந்தி குடியிருந்தாலே கத்தத் தொடங்கும், வருடத்துக்கு இரண்டு தடவை காய்ந்த துணியால் துடையுங்கள். ஹீட்டருக்கு மேலேயோ வெயில் விழும் யன்னலைப் பார்த்தோ அதைப் பூட்டாதீர்கள். கண்ணாடிக்கு அப்பால் உள்ளதை அது காணாது, ஆகவே யன்னலுக்கு உள்ளே வைத்துத் தோட்டத்தைக் காக்க முடியாது. வயரில்லாத சென்சராக இருந்தால் அதற்கென்று எழுதியிருக்கும் லித்தியம் பற்றரியைத்தான் போட வேண்டும், சார்ஜ் செய்து பாவிக்கும் பற்றரி போட்டுச் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

உங்கள் அலாரம் தொலைபேசி வயரால் அழைக்கும் பழைய வகை என்றால் அந்தப் பகுதியை மறந்துவிடுங்கள். இங்கே பழைய செப்புத் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரியோடு மூடுகிறார்கள், 3ஜி கைத்தொலைபேசிச் சேவையும் ஏற்கெனவே போய்விட்டது. சைரன் கத்தினாலே உங்களுக்குப் போதும்.

மாதக் கட்டணத்துக்கு அலாரம் பூட்டித் தருகிறோம் என்று வாசலுக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வைக்காதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் அப்படி எடுத்தார். வருடக்கணக்கில் காசு கட்டியும் சாமான் அவருடையது இல்லை, பற்றரி மாற்றவும் அவர்களுடைய ஆள்தான் வர வேண்டும், அதற்கு வேறு காசு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் திருப்பலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கமரா வேண்டியே வேண்டும் என்றால் வாசலில் ஒரு வீடியோ மணி போதும். பழைய அழைப்புமணி வயரில் அதைக் கொழுவ முதல், மீற்றர் பெட்டிப் பக்கம் உள்ள டிரான்ஸ்போர்மரைப் பாருங்கள். இந்த நாட்டுப் பழைய வீடுகளில் அது பெரும்பாலும் 8 வோல்ட், வயரில் ஓடும் வீடியோ மணிகளில் பலவற்றுக்கு 16 முதல் 24 வரை வேண்டும். இதனால்தான் பலருடைய மணி இரவில் அணைந்து அணைந்து எரிகிறது. நண்பர் தந்த பழைய கமராவைப் பூட்டினால் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டோடு விற்பதை 2024 ஏப்ரலில்தான் இங்கே தடை செய்தார்கள். கமராவின் கண் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போகக் கூடாது, உங்கள் எல்லையைத் தாண்டிப் படம் பிடித்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவீர்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. மனைவியின் தாலிக்கொடியும் மற்ற நகைகளும் எங்கே இருக்கின்றன? அரிசி வாளிக்குள், சாமி அறைக்குள், மெத்தைக்குக் கீழே என்று நம்மவர் வைக்கும் இடமெல்லாம் கள்ளனுக்கும் தெரியும். தீபாவளி நெருங்கும் காலத்தில் தெற்காசியக் குடும்பங்களின் தங்கத்துக்கு வருகிறார்கள் என்று லண்டன் பொலிஸ் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஒக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளியதும் பின்னேரம் ஐந்து மணிக்கு முதலே இருட்டத் தொடங்கிவிடும், விளக்கெரியாத வீடு தூரத்திலேயே தெரியும். 10 பவுண்ஸுக்கு ஒரு டைமர் பிளக் வாங்கி மேசை விளக்கை அதில் போடுங்கள், நீங்கள் வாங்கப்போகும் சாமான்களில் காசுக்கு அதிகம் உழைப்பது அதுதான். ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு ஓகஸ்ட்டில் குடும்பத்தோடு போகும்போது அங்கே நின்றே படங்களைப் போடாதீர்கள், வீடு வெறுமையாக இருக்கிறது என்று ஊருக்கே சொன்னது போலாகும். பெரிய வங்கிகள் பல லொக்கர் கொடுப்பதை நிறுத்திவிட்டன, தனியார் பெட்டகங்கள் உண்டு, வருடக் கட்டணத்தைப் பார்த்துப் பேசாமல் கட்டுங்கள். வீட்டில் வைப்பதானால் செங்கல் சுவரிலோ கொங்கிரீட்டிலோ போல்ட் போட்ட பெட்டகமாக இருக்க வேண்டும், சும்மா அலுமாரிக்குள் வைத்தால் பெட்டகத்தோடு தூக்கிப் போவார்கள். காப்புறுதியில் ஒவ்வொரு நகையையும் தனியே எழுதிக் கொடுக்காவிட்டால் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்போடு நிறுத்திவிடுவார்கள். அலாரம் இருக்கிறது என்று காப்புறுதிக்காரரிடம் சொன்னால் வெளியே போகும்போதெல்லாம் அதைப் போட்டுவிட்டே போக வேண்டும்.

நான் 1990களின் நடுவில் வந்தபோது ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் அறைக்கொரு குடும்பமாக இருந்தோம். அம்மா வந்து சேர்ந்த முதல் மாதங்களில் சரியாக நித்திரை கொள்ளவில்லை. யன்னலுக்குக் கம்பி இல்லை, மதில் இல்லை, நாய் இல்லை, கண்ணாடியை உடைத்தால் உள்ளே வரலாம், இதென்ன வீடு என்று கேட்பார். ஊரில் படலை திறக்கும் சத்தத்திலேயே வருவது யார் என்று சொல்லிவிடுகிற மனிசி அவர். அந்த வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் வெளியே ஆமைப்பூட்டு தொங்கியது, ஆளை ஆள் நம்பாத காலம், நெருப்பை யாரும் நினைக்கவில்லை. நான் இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, கதவைப் பூட்டிவிட்டு ஒரு சின்ன யன்னலால் காசு வாங்குவோம், காலடியில் அவசர பட்டன். அங்கே அலாரம் பார்க்க வரும் அயர்லாந்துக் கிழவர் ஒருவர், நான் பக்கத்தில் நின்று பார்ப்பதைக் கண்டு, ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று தேநீர் ஆறும்வரை சொல்லித் தருவார். புதுப் பற்றரி போட்டதும் அதன் நெற்றியில் மார்க்கரால் திகதி எழுதுவார். நானும் இன்றுவரை எழுதுகிறேன். நம் ஆட்களில் பலர் எனக்கு அப்போது சொன்னது "பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் ஏன்" என்றுதான். இன்றைக்கு எங்கள் வீதியில் தமிழர், குஜராத்திக்காரர், போலந்துக்காரர் யார் வீட்டுப் பெட்டி கீச்சிட்டாலும் என்னைத் தேடித்தான் வருகிறார்கள், என்னிடம் ஸ்குரூட்ரைவர் பெட்டியும் ஏணியும் எப்போதும் தயார்.

ஹீட்டிங் பில், கார் வாங்குவது பற்றியெல்லாம் கேட்டிருந்தீர்கள், அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் பின்கதவுச் சிலிண்டரின் இரண்டு அளவையும், அலாரம் பெட்டி மூடியில் எழுதியிருக்கும் பெயரையும் மொடல் நம்பரையும் எனக்கு எழுதுங்கள், தம்பி. எந்தச் சிலிண்டர், எந்தப் பற்றரி என்று பார்த்துச் சொல்கிறேன்.