மில்லி என்றால் எந்த மில்லி?

கேள்வி: தாராபுரம் பக்கம் ஒரு ஏக்கரில், ஒப்பந்த முறையில் வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தி செய்கிறேன். பெண் வரிசையில், அதாவது விதை பிடிக்க வேண்டிய வரிசையில், கதிர் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. ஜிப்ரலிக் அமிலம் 60 பிபிஎம், ஏக்கருக்கு 200 லிட்டர் நீர், இரண்டு நாளில் பிரித்துத் தெளிக்கவும் என்று குறிப்பு கொடுத்துள்ளார்கள். 10 லிட்டர் டேங்குக்கு எத்தனை கிராம் போடுவது? வீட்டுத் தராசில் வைத்தால் சுழியத்திலேயே நிற்கிறது. மருந்துக் கடைக்காரர் ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டி, லிட்டருக்கு ஒரு மில்லி போதும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: பாட்டிலை வாங்க வேண்டாம். லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது ஒரு பிபிஎம் என்பதால், உங்கள் 10 லிட்டர் டேங்குக்கு 600 மில்லிகிராம், அதாவது 0.6 கிராம் வேண்டும். ஏக்கருக்கு 12 கிராம். பாட்டிலின் ஒட்டுச்சீட்டில் 0.001 சதவீதம் என்று இருக்கும். அப்படியானால் ஒரு லிட்டர் பாட்டில் முழுவதிலும் உள்ள அமிலம் வெறும் 10 மில்லிகிராம். கடைக்காரர் சொன்ன ஒரு மில்லி என்பது மில்லிலிட்டர். அதில் இருப்பது 10 மைக்ரோகிராம், ஒரு லிட்டர் நீருக்கு உங்களுக்கு வேண்டிய 60 மில்லிகிராமில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. 12 கிராம் சேர 1,200 பாட்டில் வாங்க வேண்டியிருக்கும். அது போலிச் சரக்கு அன்று, வேறு நோக்கத்துக்கான சரக்கு. ஆனால் விதை வயலுக்கு இது போதும் என்று சொல்பவர் ஒட்டுச்சீட்டையே படித்ததில்லை என்பேன். நகைக்கடையில் 'இரண்டு கிராம் 300 மில்லி' என்னும்போது மில்லிகிராமையும், மருந்துக் கடையில் மில்லிலிட்டரையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய நமக்கு, இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை.

நீங்கள் கேட்காமல் விட்டது, வாங்கும் தூள் எத்தனை சதவீதம் என்பது. 90 சதவீதத் தூள் என்றால் 13.3 கிராம் எடுத்தால்தான் 12 கிராம் அமிலம் கிடைக்கும். நீரில் கரையும் 40 சதவீதச் சரக்கு என்றால் 30 கிராம் வேண்டும். 90 சதவீதத் தூளை நேராக டேங்கில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நீரில் எளிதில் கரையாமல் வெள்ளைக் கட்டியாக மிதந்து, பிறகு அடியில் தங்கி, நாசிலை அடைக்கும்.

அடுத்ததை எத்தனை முறை கேட்டாலும் எழுதிக்கொண்டே இருப்பேன்: சிறிய எடையைப் பல முறை நிறுக்காதீர்கள், பெரிய எடையை ஒரே முறை நிறுத்து, மீதியை அளவுக் குழலிடம் விட்டுவிடுங்கள். ஒரு கிராமுக்குக் குறைந்ததை வீட்டுத் தராசு அறியாது, 0.01 கிராம் காட்டும் சிறு தராசிலும் 0.6 கிராமை இருபது டேங்குக்கு இருபது முறை நிறுத்தால் காற்றும் கைந்நடுக்கமும் சேர்ந்து டேங்குக்கு டேங்கு அளவு மாறும். மாறாக, 13.3 கிராம் தூளையும் மொத்தமாக ஒரே முறை நிறுத்து, அடுப்பு, பீடி எதுவும் அருகில் இல்லாத இடத்தில், கண்ணாடிக் குவளையில் ஆல்கஹால் ஊற்றிக் கலக்குங்கள். தெளிந்த பின், மேலும் ஆல்கஹால் சேர்த்து அளவுக் குழலில் சரியாக 600 மில்லிலிட்டர் ஆக்கினால், ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 20 மில்லிகிராம் அமிலம் இருக்கும். முதல் நாளுக்கு ஐந்தில் இரண்டு பங்கும், மறுநாளுக்கு மீதியும் என்பது வழக்கம். நாளுக்கு 100 லிட்டர், பத்து டேங்க் எனில், முதல் நாள் டேங்குக்கு 24, மறுநாள் 36 மில்லிலிட்டர் (சராசரி 30, அதாவது முன்பு சொன்ன 0.6 கிராம்). ஊசி நீக்கிய 20 மில்லிலிட்டர் சிரிஞ்சில், முதல் நாள் 12 வீதமும் மறுநாள் 18 வீதமும் இரண்டு முறை உறிஞ்சினால் முடிந்தது. பாட்டில் மூடியால் அளக்க வேண்டாம். இரண்டு கம்பெனி மூடிகள் ஒரே அளவாக இருந்து நான் பார்த்ததில்லை.

தெளிப்பதற்கு முந்தின நாள், வெறும் நீரை நிரப்பி ஏக்கர் முழுவதும் ஒரு முறை தெளித்து, எத்தனை டேங்க் பிடிக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பத்துக்குப் பதில் எட்டிலேயே முடிந்தால், முதல் நாளுக்குரிய 240 மில்லிலிட்டரை எட்டாகப் பங்கிட்டு டேங்குக்கு 30 என்று ஊற்ற வேண்டும், ஏனெனில் ஏக்கருக்குரிய 12 கிராம் குறையக் கூடாது. கதிரின் அடிப்பகுதி கண்ணாடி இலையின் (கதிரை ஒட்டிய கடைசி இலை) உறைக்குள்ளேயே சிக்கி நிற்பது பெண் வரிசையின் இயல்பு. அதை வெளியே நீட்டுவதே இந்த அமிலத்தின் வேலை. அமிலம் குறைந்தால், சிக்கிய பூக்களுக்கு மகரந்தம் சேராமல் அவை பதராகிவிடும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் கதிர்கள் வெளிவந்த நிலையில் முதல் தெளிப்பைத் தொடங்குங்கள். உங்கள் வயல் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கலாம் என்பதால், இன்று மாலையே தூளை வாங்கி நிறுத்துவிடுங்கள்.