பால்வீதியின் நடுவே ஆதி விண்மீன்கள்: எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி: முதுகலை இயற்பியல் மாணவி நான். பால்வீதி மையத்தருகே உள்ள உலோகம் (வானியலில், ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களும்) குறைந்த பழைய விண்மீன்களைத் தேடுவதே என் திட்டப்பணி. தொலைநோக்கி வசதி இல்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: மடிக்கணினி போதும். விண்மீன்களை அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் தரவுகளில், 2022 ஜூனில் வெளியான மூன்றாம் தொகுப்பில் சுமார் 22 கோடி விண்மீன்களின் எளிய நிறமாலைகள் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவுகள்) உள்ளன. அவற்றிலிருந்து ஆந்த்ரே, ரிக்ஸ், சந்திரா என்ற வானியலாளர்கள் மூவரும் 2023இல் 17.5 கோடி விண்மீன்களின் உலோக அளவைக் கணித்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மையத்தை நேருக்கு நேர் நோக்க வேண்டாம். 26,000 ஒளியாண்டுத் தொலைவுக்குள் இருக்கும் தூசி, கண்ணுக்குப் புலப்படும் ஒளியை அநேகமாக முழுவதுமே விழுங்கிவிடும். தனுசு ராசியில் மையத்துக்கு நான்கு பாகை தள்ளியிருக்கும் ‘பாடே சாளரம்’ போன்ற தூசி மெலிந்த பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவு தொலைவிலும் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பெருவிண்மீன்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகக் குறைவைக் காட்டிக்கொடுப்பது கால்சியம். சூரிய நிறமாலையின் ஊதா ஓரத்தில், 393, 397 நானோமீட்டரில், அகன்ற இரு கருங்கோடுகள் கிடக்கும். அதே வெப்பமுள்ள விண்மீனில் உலோகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் அவை வெகுவாக மெலிந்துவிடும். இந்த ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைக் கொண்டுதான் ‘பிரிஸ்டைன்’ என்ற ஆய்வுக் குழு ஹவாயின் மௌனா கீ மலையிலிருந்து தேடியது. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் நிறமாலை எடுத்துச் சரிபார்த்தபோது, அப்படிப்பட்டவை 1,300க்கு மேல் தேறின. தூசி அதிகம் உறிஞ்சுவதும் ஊதா ஒளியைத்தான் என்பதால், தூசித் திருத்தம் பிழைத்தால் உலோக அளவும் பிழைக்கும்.

பல மாணவர்கள் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். இன்று மையத்தருகே தென்படும் விண்மீன், வெளி வட்டத்திலிருந்து வந்து கடந்து போகும் வழிப்போக்கனாக இருக்கலாம். ஆகவே சுற்றுப்பாதையைக் கணக்கிடுங்கள். ‘கால்பை’ என்ற பைத்தான் நிரல் இலவசம். ஆர வேகம் (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம்) அளக்கப்பட்ட 3.3 கோடி விண்மீன்களும் அதே கையா தொகுப்பில் இருக்கின்றன. தொலைவுக்கு இடமாறு தோற்றத்தை (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் நகர்வதுபோல் தெரியும் கோணத்தை) நம்ப வேண்டாம். அங்கே அது 0.12 மில்லி ஆர்க்செகண்டுதான் (ஒரு மில்லி ஆர்க்செகண்டு என்பது பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு), அளவீட்டுப் பிழையே அதில் கணிசமான பங்காகிவிடும். பெருவிண்மீனின் உண்மை ஒளிர்வைக் கொண்டு மதிப்பிடுங்கள்.

மையத்துக்கு அப்பால், ஏறக்குறைய அதே திசையில், பால்வீதியைப் போன்ற, ஆனால் மிகச் சிறிய, தனுசுக் குறு விண்மீன் மண்டலம் இருக்கிறது. அதன் விண்மீன்கள் உங்கள் பட்டியலில் புகுந்துவிடும். அதன் மையத்தில் இருக்கும் எம்54 என்ற விண்மீன் கொத்தைச் சுற்றியுள்ள பகுதியை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.