போதையிலிருந்து மீண்டவர்களை வேலைக்குச் சேர்க்கும் திட்டத்துக்கு உதவிநிதி கேட்பது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் சனசமூக நிலையம் ஊடாக, போதையை விட்ட பத்துப் பேரை வேலையில் சேர்க்க நினைக்கிறோம். வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது என்ன எழுத வேண்டும்?

பதில்:

உங்கள் வரைவில் தையல் மெஷின், கிரைண்டர், சான்றிதழ் வழங்கும் விழா மூன்றும் கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன். விழாவை உடனே வெட்டுங்கள். மெஷினைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்படியான திட்டங்கள் பெரும்பாலும் பயிற்சிக் காலத்தில் குழம்புவதில்லை, வேலைக்குப் போன முதல் மூன்று மாதத்தில்தான் குழம்புகின்றன. கேட்கிற காசில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்துக்கே போக வேண்டும்.

சிகிச்சைக்குக் காசு கேட்காதீர்கள். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, அது இலவசம். அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பகுதியின் அபிவிருத்தியைப் பார்க்கும் அரச அமைப்பான அப்பலாச்சிய பிராந்திய ஆணைக்குழு 2021இல் தொடங்கிய இன்ஸ்பயர் நிதியும் சிகிச்சை முடிந்த இடத்திலிருந்து வேலை வரைக்குமான பகுதிக்குத்தான் போகிறது. அங்கே திட்டமிட ஒரு நிதி, நடைமுறைப்படுத்த வேறொரு நிதி. உங்களுக்கும் அதுதான் நல்லது. முதலில் சிறு தொகை கேட்டு, எந்த முதலாளி ஆள் எடுப்பார், எந்தக் கிளினிக் கடிதம் தரும் என்பதை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைச் சேர்க்கும் விதியை எழுத்தில் வையுங்கள்: வைத்தியர் பார்த்து அனுமதித்தவரைத்தான் எடுப்போம். இல்லாவிட்டால், வீட்டில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்திய ஆளை வீட்டார் நேரே உங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். பல வருசமாக நாள்முழுக்கக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளளவில் புத்தி தடுமாறலாம். கவனிக்காவிட்டால் உயிரும் போகலாம். ஹெரோயினை விட்டவருக்கு வேறு ஆபத்து. உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும், திரும்பப் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவரது வீட்டாருக்கும் சொல்ல வேண்டும்.

பதிவு விசயம். சனசமூக நிலையத்தின் பதிவு ஊருக்குள் போதும். வெளிநாட்டு நிதிக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி தொண்டு நிறுவனப் பதிவோ, உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனிப் பதிவோ கேட்பது வழக்கம். இல்லையென்றால் ஏற்கெனவே பதிவுள்ள ஒரு நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம் செய்து அவர்கள் ஊடாகக் கேளுங்கள். காசு வங்கி வழியாகத்தான் வர வேண்டும். உண்டியலில், அதாவது வங்கியில்லாமல் ஆள்வழி வந்த காசுக்குக் கணக்காய்வாளர் கையெழுத்து வைக்கமாட்டார்.

இனிச் செலவுத் திட்டம். சம்பளத்தில் ஒரு பங்கை முதலாளிக்குக் கொடுங்கள்: முதல் மாதம் பாதி, அடுத்த மாதம் மூன்றில் ஒன்று, மூன்றாம் மாதம் ஆறில் ஒன்று, பிறகு இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும். 50,000 ரூபா சம்பளம் என்றால் அது 7,500 ரூபா. இதை எழுத மறந்தால் முதலாளி ஆளைப் பதியாமல் நாட்கூலியாகவே வைத்திருப்பார். கிளினிக் நாள் கிழமை நாளில்தான் வரும், நாட்கூலிக்காரன் கூலியை விட்டுவிட்டுப் போகமாட்டான். அந்த அரைநாள் கூலியையும், வழக்கு இருந்தால் தவணை நாள் கூலியையும் தனி வரியாகப் போடுங்கள். வேலையில் சேர்ந்தவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கிற ஒரு ஆளுக்குச் சம்பளமும் பெற்றோல் காசும் வேண்டும். பத்துப் பேருக்கு ஒருவர் போதும், ஆனால் முழுநேரம்.

‘விட்டவனுக்கு ஏன் சம்பளக் காசு, ஒழுங்கான பொடியளே வேலையில்லாமல் திரிகிறார்கள்’ என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். கேள்வி பிழையில்லை. அந்தக் காசு ஆளுக்கு இல்லை, தயங்குகிற முதலாளிக்கு என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

மெஷினுக்கு வருகிறேன். கிரைண்டர், துளைபோடும் மெஷின் எல்லாம் ஒரே பின்னேரத்தில் விற்கக்கூடிய சாமான். ஆளின் பெயரில் கொடுக்காமல் நிலையத்தின் பெயரில் வாங்கி, இலக்கம் பொறித்து, வேலைத்தளத்தில் வையுங்கள். ஒரு வருசம் வேலையில் நின்றபின் கைமாற்றலாம். ஏற்கெனவே மேசன் வேலையோ வயரிங்கோ தெரிந்தவரைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பிக் காசை வீணாக்காதீர்கள். முன்னனுபவத்தை மதிப்பிட்டும் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தருகிறார்கள், அதற்கு விண்ணப்பியுங்கள். மருந்தால் தூக்கம் வருகிறவரைக் கட்டடச் சாரத்தில் ஏற்றவேண்டாம், நிலத்தில் வேலை கொடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிய போத்தல் உடைக்கிற மேசன் குழுவில் குடியை விட்டவரைச் சேர்ப்பது, சேர்க்காமல் விடுவதைவிட மோசம். சம்பள நாள் பின்னேரத்தில் அந்தத் தேடிப்பார்க்கிற ஆள் நேரில் போகவேண்டும், தொலைபேசி காணாது.

சிறுநீர்ப் பரிசோதனை வைப்பதென்றால் ஆளின் சம்மதத்தோடு வையுங்கள், முடிவு கிளினிக்குக்கு மட்டும் போகட்டும். ஐஸும் (மெத்தம்பெற்றமைன்) ஹெரோயினும் சில நாட்களில் மறைந்துவிடும், தினமும் கஞ்சா இழுத்தவருக்கோ நிறுத்தி வாரக்கணக்கானாலும் காட்டும். அந்த முடிவை மட்டும் பார்த்துவிட்டு வேலையால் நிற்பாட்டினால் நேர்மையாக விட்டவன்தான் முதலில் அடிபடுவான். திரும்பத் தொட்டவர் கிளினிக்குக்குப் போய்விட்டு எப்படி மறுபடி சேரலாம் என்பதையும் எழுதுங்கள். நிதி கொடுப்பவர்கள் அந்தப் பந்தியைத் தேடி வாசிப்பார்கள்.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் காசு அனுப்பினால் படம் கேட்கும். பதாகைக்கு முன்னால் சைக்கிளோடு பொடியனை நிறுத்தி, ‘போதையிலிருந்து மீண்ட இன்னார்’ என்று முகநூலில் போடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொடியனுக்குக் கடையில் யார் வேலை கொடுப்பது, எந்த வீட்டில் பெண் கேட்பது? முகமும் பெயரும் வெளியில் போகாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். படம் இல்லாவிட்டால் காசு இல்லை என்பவரின் காசு வேண்டாம்.

விளைவு என்று ‘எத்தனை பேர் திருந்தினர்’ என எழுதவேண்டாம், அதை யாரும் அளக்க முடியாது. 30, 90, 180ஆம் நாட்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை கிளினிக் தவணைக்குப் போனார்கள் என்று எழுதுங்கள். சம்பளச் சீட்டும் கிளினிக் கொப்பியுமே சான்று. பின்னிணைப்பில் உளநலப் பிரிவின் கடிதமும், எத்தனை பேர், என்ன வேலை, என்ன கூலி என்று இலக்கத்தோடு எழுதிய முதலாளியின் கடிதமும் இருக்கவேண்டும். வாழ்த்துக் கடிதங்களை இணைக்கத் தேவையில்லை.